அந்தப் பழைய நம்பரை விட்டுவிடாதே

குடியாத்தம்

பாப்பாவுக்கு நைனா எழுதுவது.

நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. மாப்பிள்ளையையும் சம்பந்தி அம்மாவையும் கேட்டதாகச் சொல். இதெல்லாம் போனிலேயே பேசியிருக்கலாம். நீ வேலையாக இருக்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். மறுபடி போட்டேன், அப்போதும் அவரே எடுத்தார். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் இருந்தால் நீ எடுத்து எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

நீ எழுதிய குரூப் 4 தேர்வின் ரேங்க் பட்டியலில் உன் பெயர் வந்துவிட்டது, இனி அரசு வேலைக்குக் கூப்பிடுவதைத் தவறவிடக் கூடாது. முதலில் நம்பர் விஷயம். அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் இணையதளத்தில் நீ ஒருமுறைப் பதிவு (ஒன் டைம் ரெஜிஸ்ட்ரேஷன்) செய்தது கல்யாணத்துக்கு முன்னால். அதில் இருப்பது உன் பழைய நம்பர். இப்போது நீ பேசுகிற நம்பர் ஓசூர் போன பிறகு வாங்கியது. தேர்வாணையம் யாருக்கும் தனியாகத் தபால் போட்டுக் கூப்பிடாது. எஸ்எம்எஸ், மின்னஞ்சல், அவர்களுடைய இணையதளம், இந்த மூன்றுதான். அழைப்புக் கடிதத்தை நாம்தான் இறக்கி எடுத்துக்கொள்ள வேண்டும். எஸ்எம்எஸ் கிடைக்கவில்லை என்று பிறகு போய் நின்றால் கேட்க மாட்டார்கள். துறையையும் இடத்தையும் தேர்ந்தெடுக்கிற கவுன்சிலிங்குக்கு அன்றைக்குப் போகாதவருக்கு இன்னொரு தேதி கிடையாது.

ஆகவே அந்தப் பழைய சிம்மை எடுத்து ஒரு போனில் போடு. ரீசார்ஜ் முடிந்து விட்டுவிட்டால் முதலில் வெளியே பேச முடியாது, அப்புறம் உள்ளே வருவதும் நின்றுபோகும். 90 நாள் ஒரு உபயோகமும் இல்லாமல் கிடந்தால் கம்பெனி இணைப்பைத் துண்டித்து, பிற்பாடு அந்த நம்பரை வேறு யாருக்காவது கொடுத்துவிடும். உன்னுடைய ஓடிபி யாரோ ஒருவருக்குப் போகும். மாதா மாதம் நான் இங்கிருந்தே ரீசார்ஜ் போட்டுவிடுகிறேன், அந்தச் செலவை அங்கே கேட்க வேண்டாம். ஆனால் சிம் உன் கையில், உன் போனில் இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறையாவது அதிலிருந்து அம்மாவுக்குப் பேசு. நம்பரும் உயிரோடு இருக்கும், அம்மாவும் சமாதானமாக இருப்பாள்.

மின்னஞ்சலையும் பார். பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பிரவுசிங் சென்டரில்தானே பதிவு செய்தாய். அங்கே சில பேர் அவசரத்துக்குத் தங்கள் சொந்த மின்னஞ்சலைப் போட்டுவிடுவார்கள். உள்ளே போய் உன்னுடையதுதானா என்று பார்த்து, கடவுச்சொல்லை மாற்றிவிடு. அந்தப் பதிவு 5 வருஷத்துக்குத்தான் செல்லும், அதற்கும் எத்தனை நாள் பாக்கி என்று பார். தேவையில்லாத மின்னஞ்சல் விழுகிற பெட்டியையும் தினம் ஒருமுறை திறந்து பார்.

அடுத்தது முக்கியம். தேர்வாணையத்திலிருந்து யாரும் போன் போட்டு "உங்களுக்கு வேலை கிடைத்துவிட்டது" என்று சொல்ல மாட்டார்கள். அப்படி ஒரு போன் வந்தால், அதிலும் பணம் என்ற பேச்சு வந்தால், வைத்துவிடு. ரேங்க் பட்டியல் வெளியானதும் இந்த ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். உன் பெயர், பதிவெண், மதிப்பெண் எல்லாம் சரியாகச் சொல்வார்கள், நாம் நம்பிவிடுவோம். நல்ல துறை வாங்கித் தருகிறேன், பக்கத்து ஊர் போட்டுத் தருகிறேன் என்பார்கள். குரூப் 4-இல் இன்டர்வியூவே கிடையாது, இடம் ரேங்க்படிதான். 2019-இல் நடந்த தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் நடந்த முறைகேட்டில் 99 பேரை வாழ்நாள் முழுக்கத் தேர்வே எழுத முடியாதபடி தள்ளிவைத்தார்கள். இங்கே பெரியப்பா வீட்டில் ஒருவர் "ஆள் இருக்கிறார்" என்று பேச்சை எடுத்தார். நீ சொந்தமாகப் படித்து எழுதியதற்கு எந்த ஆளும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அங்கேயும் யாராவது சொன்னால் அதையே சொல். ஓடிபி கேட்டால் கொடுக்காதே. தெரியாமல் பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போட வேண்டும்.

எஸ்எம்எஸ் நிஜமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அனுப்பியவர் பெயருக்குக் கடைசியில் ஒரு கோடு போட்டு 'ஜி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது அரசாங்கம் அனுப்பியது. பத்து இலக்க நம்பரிலிருந்து "ஆர்டர் தயார்" என்று வந்தால் அழித்துவிடு.

நிஜமான போன் வருவது கவுன்சிலிங் முடிந்த பிறகு. நீ இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் ஒதுக்கீட்டுப் பட்டியல் அந்தத் துறைக்குப் போகும். பணி நியமன ஆணை போடுவது துறைதான், தேர்வாணையம் இல்லை. வருவாய்த் துறையாக இருந்தால் மாவட்ட ஆட்சியர் அலுவலகம். ஆணை தயாரானதும் பணியமைப்புப் பிரிவில் ஒரு எழுத்தர் போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். அவர் பேசுவது பெரும்பாலும் லேண்ட்லைனில். கிருஷ்ணகிரி என்றால் 04343-இல் ஆரம்பிக்கும், ஓசூர் 04344, வேலூர் 0416, ராணிப்பேட்டை 04172, திருப்பத்தூர் 04179. இவற்றைச் சமையலறையில் ஒட்டிவை. தெரியாத நம்பர் வந்தால் மணி அடிக்காமல் செய்கிற ஏற்பாடு போனில் இருக்கும், அதை எடுத்துவிடு. கடன் வாங்கச் சொல்லித் தொல்லை தருகிறார்கள் என்று மாப்பிள்ளை அதைப் போட்டு வைத்திருப்பார், அவர் மேல் தப்பில்லை. ஆனால் நாலு மாதத்துக்கு வேண்டாம். தவறிவிட்ட லேண்ட்லைன் நம்பருக்குத் திருப்பிப் போட்டால் வேறு ஒரு பிரிவில் யாரோ எடுத்து "யார் கூப்பிட்டதோ தெரியாதும்மா" என்று வைத்துவிடுவார்கள். அதனால் முதல் தடவையே எடுக்க வேண்டும். நீ எடுக்க வேண்டும்.

எடுத்ததும் பேனாவும் நோட்டும் பக்கத்தில் இருக்கட்டும். எந்த அலுவலகம், எந்தப் பிரிவு, பேசுகிறவர் பதவி என்ன என்று கேள். அடுத்து ந.க. எண்ணும் (அந்தக் கோப்பின் எண்) ஆணையின் தேதியும் கேட்டு எழுதிக்கொள். அந்த எண் இருந்தால்தான் நாளைக்கு ஒரு சந்தேகம் என்று போனால் கோப்பை எடுப்பார்கள். ஆணையைக் கையில் கொடுக்கிறார்களா, விரைவுத் தபாலில் அனுப்புகிறார்களா, எந்த முகவரிக்கு என்று கேள். நிரந்தர முகவரியில் நம் வீடு இருக்கிறது, அதில் கவலையில்லை, நான் பகல் முழுக்க வீட்டில்தான் இருக்கிறேன். எந்தத் தேதிக்குள் சேர வேண்டும், யாரிடம் ஆஜராக வேண்டும், உடல் தகுதிச் சான்றுக்குப் படிவம் ஆணையோடு வருகிறதா, இவ்வளவும் கேட்டுவிட்டு, நீ எழுதியதை அவருக்கே ஒருமுறை படித்துக் காட்டு. அவசரத்தில் 11 என்று சொன்னது நம் காதில் 17 என்று விழும். இப்படிக் கேட்டால் கோபிப்பார்களோ என்று நினைக்காதே. நாற்காலியில் இருப்பவருக்கு விவரமாகக் கேட்கிறவரோடு பேசுவதுதான் சுலபம்.

சேருகிற அன்று முற்பகலிலேயே போய்விடு. பணியேற்பு அறிக்கையில் மு.ப. என்று எழுதினால் அன்றிலிருந்தே சம்பளக் கணக்கு. பிற்பகல் என்றால் மறுநாளிலிருந்துதான்.

இப்போது சொல்லப் போவதைக் கவனமாகப் படி. போனில் யார் கேட்டாலும் "சேர விருப்பமில்லை" என்று சொல்லாதே. யாரும் உனக்காகச் சொல்லவும் விடாதே. சேர முடியாத நிலை வந்தால், கடைசித் தேதிக்கு முன்னாலேயே ஆணை போட்ட அதிகாரிக்குக் காரணம் எழுதிக் கால நீட்டிப்புக் கேட்கலாம். அதை நான் எழுதித் தருகிறேன், நீ கையெழுத்துப் போட்டால் போதும். வாய்வார்த்தையாக "அவங்க வரமாட்டாங்க" என்று ஒருவர் சொல்லி, அந்தப் பக்கம் எழுத்தர் பட்டியலில் ஒரு குறிப்பு எழுதிவிட்டால், பிறகு அதை நேர் செய்ய எத்தனை மேஜை ஏற வேண்டும் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளை அப்படிச் சொல்வார் என்று நான் சொல்லவில்லை. போன் அவர் கையில் இருக்கிறது என்பதுதான் என் கவலை.

கம்பெனி வேலையை விட்டது நீங்கள் இருவரும் பேசி எடுத்த முடிவு. அதில் நான் வாய் திறக்கவில்லை. இங்கே கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு நீங்கள் வராததைப் பற்றியும் கேட்கவில்லை, அம்மாதான் புடவை எடுத்து வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் இது நீ ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கண் விழித்துப் படித்து வாங்கியது. நம் குடும்பத்தில் ஒரு பெண் பிள்ளை ரேங்க் பட்டியலில் வந்தது இதுதான் முதல். தெருவில் நாலு பேர் கேட்டார்கள், சொன்னேன். இன்னும் சேரவே இல்லை, அதற்குள் ஏன் சொன்னீர்கள் என்று நீ கேட்பாய். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வீட்டில் பேசும்போது இதையெல்லாம் சொல். இளநிலை உதவியாளருக்கு அடிப்படைச் சம்பளம் 19,500-இல் ஆரம்பித்து 71,900 வரை போகிற அடுக்கு, அதற்கு மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி. பிள்ளை பிறந்தால் என்ன செய்வது என்று சம்பந்தி அம்மா கேட்டதாகத் தெரிந்தது. அரசு ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு 365 நாள் உண்டு. அடிப்படைப் பயிற்சிக்குப் பவானிசாகர் போய்த் தங்க வேண்டியிருக்கும், அதை முடித்தால்தான் தகுதிகாண் பருவம் முடியும். அதையும் இப்போதே சொல்லிவிடு. வேலையில் சேர்ந்த பிறகு திடீரென்று வெளியூர் என்றால்தான் மனஸ்தாபம் வரும்.

எந்த மாவட்டம் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய். கவுன்சிலிங்கில் ஒருமுறை தேர்ந்தெடுத்தால் மாற்ற முடியாது. ஒவ்வொரு நாளும் கவுன்சிலிங் முடிந்ததும் மீதி இருக்கிற இடங்களை இணையதளத்தில் போடுவார்கள். உன் முறை வருவதற்கு முந்தின நாள் ராத்திரி அதைப் பார். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எந்தத் துறை இருந்தாலும் எடுத்துக்கொள் என்பதுதான் என் யோசனை, வீட்டிலிருந்தே போய்வரலாம். வேலூரை எடுத்தால் எங்களுக்குச் சந்தோஷம். ஆனால் அதற்காக எடுக்காதே. ஓர் ஐந்தாறு இடத்தை வரிசையாக எழுதி வைத்துக்கொள், திரைக்கு முன்னால் நின்று யோசிக்க நேரம் தர மாட்டார்கள்.

சான்றிதழ்கள் எல்லாம் இங்கே பீரோவில் இருக்கின்றன. நேற்று எடுத்துப் பார்த்தேன். தமிழ் வழிச் சான்று இரண்டு தாள், 1 முதல் 5 வரைக்கும் ஒன்று, 6 முதல் 10 வரைக்கும் ஒன்று. முதல் தாளில் தலைமையாசிரியர் கையெழுத்து இருக்கிறது, தேதி இருக்கிறது, ஆனால் பள்ளி முத்திரையில் மை போதாமல் ஊர்ப் பெயர் பாதிதான் தெரிகிறது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆதாரமே இந்தத் தாள்தான். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போய்ப் புதிதாக வாங்கிவிடுகிறேன். சாதிச் சான்று என் பெயரில் இருக்கிறது, கல்யாணமான பெண்ணுக்கும் அப்பா பெயரில் இருப்பதைத்தான் கேட்பார்கள், அதை மாற்றவே கூடாது. ஆதாரில் இனிஷியலை மாற்றப் போவதாக மாப்பிள்ளை போன ஆடியில் சொன்னார். மாற்றாமல் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். மாற்றியிருந்தால் திருமணப் பதிவுச் சான்றின் அசலைக் கையோடு எடுத்து வை. எங்கே கையெழுத்துப் போட்டாலும் பத்தாம் வகுப்புச் சான்றில் இருக்கிற பெயரும் இனிஷியலும்தான் போட வேண்டும். நன்னடத்தைச் சான்று ஏ அல்லது பி பிரிவு அதிகாரி கொடுத்ததாக இருக்க வேண்டும். இங்கே ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

வேண்டாம் என்று நீயே நினைத்தால் அதையும் எனக்குச் சொல். கோபித்துக்கொள்ள மாட்டேன். வருத்தப்படுவேன், அது வேறு. அந்தப் பதில் உன் வாயிலிருந்து வர வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

அழைப்புக் கடிதம் வந்த அன்றே தேதியைச் சொல்லு. அசலையெல்லாம் எடுத்துக்கொண்டு ஏலகிரி எக்ஸ்பிரஸில் நான் சென்னை சென்ட்ரலுக்கு வந்துவிடுகிறேன். நீங்கள் இருவரும் அங்கே வந்து சேருங்கள். தேர்வாணைய அலுவலகம் கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில்தான், ஆட்டோவில் போய்விடலாம். இந்தக் கடிதம் கிடைத்ததும் பழைய நம்பரிலிருந்து ஒரு போன் போடு. காலை ஆறு மணிக்குப் போட்டாலும் எடுப்பேன்.

இப்படிக்கு,
நைனா

அம்மா புளிக்குழம்புப் பொடி அரைத்து வைத்திருக்கிறாள். வரும்போது கொண்டு வருகிறேன்.