லாடம் கழற்றிய குதிரையின் குளம்பு பற்றி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கும் குறையொன்றுமில்லை, குனிந்து நிமிரும்போது முழங்கால் மட்டும் வயதை நினைவூட்டுகிறது. செவலைக்கு லாடத்தைக் கழற்றிவிட்டாய் என்ற செய்தியைப் படித்ததும் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். மண்தரையில் நன்றாக நடக்கிறது, சரளைக்கல்லில் கால் கூசுகிறது, குதிகால் உயரமாகத் தெரிவதால் அதை ஒரேயடியாக இறக்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு இறக்காதே என்பதுதான் என் பதில். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

குளம்பைக் கையில் எடுப்பதற்கு முன்னால் குதிரையை நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். கெட்டியான சமதரையில் வேறொருவரைக் கயிற்றைப் பிடித்து நடத்தச் சொல்லிவிட்டு, நீ பக்கவாட்டில் நின்று, குளம்பின் எந்தப் பகுதி முதலில் தரையைத் தொடுகிறது என்று கவனி. வலியில்லாத குதிரை குதிகாலைச் சற்று முன்னதாகவோ அல்லது அடிப்பகுதி முழுவதையும் ஒருசேரவோ ஊன்றும். குளம்பின் முன்முனை முதலில் பதிகிறது என்றால் பின்பகுதியில் ஏதோ வலிக்கிறது, அங்கே எடையை வைக்கக் குதிரை தயங்குகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அப்படித் தயங்கும் குதிரைக்குக் குதிகால் தேய்வதில்லை. தேயாத குதிகால் உயர்ந்துகொண்டே போகிறது. ஆகவே நீ கோளாறு என்று நினைக்கும் அந்த உயரம், வேறொரு கோளாறின் விளைவாக இருக்கக்கூடும். அதை ஒரே நாளில் சீவித் தள்ளினால், காலின் பின்புறமாக இறங்கிக் குளம்புக்குள்ளிருக்கும் எலும்பின் அடியில் சேரும் தசைநாண் திடீரென்று இழுபடும். நோவு கூடுமே தவிரக் குறையாது.

நடை பார்த்தான பிறகு, சமதளத்தில் நிற்கவைத்துப் பக்கத்திலிருந்து பார். கணுவிலிருந்து இறங்கி வரும் சரிவும் குளம்பின் முன்சுவரும் ஏறத்தாழ ஒரே கோட்டில் இருக்க வேண்டும். குளம்புச் சுவர், மயிர் முடிந்து குளம்பு தொடங்கும் மயிர்விளிம்பிலிருந்து மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளர்வதால், முன்முனையில் மேலிருந்து கீழ்வரை முழுச்சுவரும் புதிதாக மாறுவதற்கு 9 முதல் 12 மாதங்கள் ஆகும். அதனால் மயிர்விளிம்புக்கு அடியில் இரண்டு விரல் அகலத்துக்குப் புதிதாக வந்திருக்கும் சுவர் எந்தச் சரிவில் இறங்குகிறது என்பதைக் குறித்துக்கொள். அதற்குக் கீழே சுவர் வெளிப்புறமாக விரிந்து போகுமானால், விரிந்த பகுதி பழைய கதை, மேலே இருப்பது புதிய கதை. சுவரில் வரும் வளையங்களையும் பார். முனையில் நெருக்கமாகவும் குதிகால் பக்கம் போகப்போக அகன்றும் இருந்தால், குளம்புச் சுவரை உள்ளெலும்போடு பிணைக்கும் திசு அழற்சியுறும் லேமினைடிஸ் எப்போதோ வந்துபோயிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். கையோடு குளம்பின் சூட்டையும், கணுமூட்டின் பின்புறம் இருபக்கமும் ஓடும் நாடியையும் தொட்டுப் பார்த்துவிடு. சூடு அதிகமாகி, நாடியும் விரலைத் தள்ளுவதுபோல் அடித்தால், கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரை அழைப்பதைத் தவிர வேறு வேலை அன்றைக்கு இல்லை.

இனி அடிப்பகுதி. சரளையில் கூசுவதற்கான விடை பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும் என்பதால் நிதானமாகப் பார். கொக்கியால் மண்ணைக் கிளறி எடுத்து, கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய். நடுவில் ரப்பர் போல் முக்கோணமாக இருக்கும் ஃபிராக்கின் இருபுறமும் இரண்டு பள்ளங்கள் ஓடுகின்றன அல்லவா? அவற்றின் அடிமட்டத்துக்கும் உள்ளேயிருக்கும் எலும்புக்கும் உள்ள தூரம் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது, குளம்பின் அடியை மூடியிருக்கும் கெட்டியான அடித்தோலின் கனம்தான். எனவே பள்ளம் ஆழமாக இருந்தால் அடித்தோல் கனமாக இருக்கிறது, ஆழமில்லாவிட்டால் மெலிந்திருக்கிறது என்று பொருள். அரத்தைக் குளம்பின் குறுக்கே தட்டையாக வைத்து, ஃபிராக்கின் கூர்முனைக்குப் பக்கத்தில் கொக்கியின் நுனியைப் பள்ளத்தில் செங்குத்தாக நிறுத்தி, அது எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று விரலால் பிடித்து அளந்துகொள். நெடுங்காலம் லாடம் போட்டிருந்த குதிரைகள் பலவற்றில் இந்தப் பள்ளம் ஆழமின்றி இருக்கும். அப்படியிருந்தால் அடித்தோலில் கத்தி படவே கூடாது. அது கனமாகிப் பழக மாதக்கணக்கில் ஆகும். அதுவரை சரளைப் பாதைக்குக் குளம்புக் காலணியை மாட்டிக்கொண்டு போவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பள்ளம் போதிய ஆழம் காட்டினாலும் நீ எடுக்க வேண்டியது செத்த அடித்தோலை மட்டும்தான். கத்தியின் முனையால் இலேசாகச் சுரண்டினால் சுண்ணாம்புத் தூள் போல் வெள்ளையாக உதிர்வது அதுவே. உதிர்வது நின்று, மெழுகு தடவியதுபோல் வழவழப்பான பரப்பு தெரிந்ததும் நிறுத்திவிடு. ஃபிராக்கில் தொங்கும் கிழிசல்களை மட்டும் நறுக்கு. அழகுக்காக அதைச் செதுக்குகிறவர்களை நான் ஒருபோதும் நம்பியதில்லை. ஃபிராக்கின் நடுவே கட்டைவிரல் படிகிற அளவுக்கு ஒரு குழிவு இருப்பது இயல்பு. அதற்குப் பதிலாகக் கொக்கியின் முனை மறைகிற வெடிப்பு இருந்து, கருப்பாகக் கசிந்து, கெட்ட வாடையும் வீசினால் அது அழுகல். முன்முனையை முதலில் ஊன்றுவதற்கு அடிக்கடி அதுவே காரணமாக இருக்கிறது. இந்த அழுகலில் பங்குள்ள நுண்ணுயிர்கள் காற்றுப் படாத இடத்தில் செழிப்பவை என்பதால், எந்த மருந்தைத் தடவினாலும், தினமும் சுத்தம் செய்வதும் உலர்ந்த தரையும் இல்லாமல் அது முழுதாகப் போகாது.

அரத்தைப் பயன்படுத்தும் முறை பார்ப்பதைவிடச் சுருக்கமானது. குதிகாலில் சுவரும், அது உள்நோக்கித் திரும்பி ஃபிராக்கின் பக்கமாக ஓடும் உள்மடிப்பும் சேரும் மூலையில் தெரிகிற உயிருள்ள அடித்தோலை உயரத்துக்கு வழிகாட்டியாகக் கொள். அதற்கு மேல் ஓரிரு மில்லிமீட்டர் சுவர் நிற்கட்டும். இரண்டு குதிகால்களும் சமமா என்று காலைத் தளர்வாகத் தொங்கவிட்டுப் பின்னாலிருந்து பார்த்துச் சரிசெய்துகொள். பிறகு சுவரின் வெளிவிளிம்பைச் சுற்றிலும் உருட்டிவிட்டால், விரிந்த சுவரைத் தரை நெம்புவது குறைந்து, மேலிருந்து வரும் நல்ல வளர்ச்சி கீழே இறங்க வழி பிறக்கும். சுவரின் வெளிமுகத்தை மேல்வரை தேய்த்துப் பளபளப்பாக்காதே. அது சுவரை மெலிவிக்கும். முன்குளம்பு வட்டமாகவும் பின்குளம்பு சற்றுக் கூராகவும் இருப்பது இயற்கை. இடதும் வலதும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவும் வேண்டாம்.

4 முதல் 6 வாரங்களுக்கு ஒருமுறை திருத்துவது பொதுவழக்கம். நான் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரத்தால் விளிம்பை மட்டும் தொட்டுவிடுவதையே விரும்புகிறேன். ஒவ்வொரு முறையும் எடுப்பது கொஞ்சம் என்பதால் குதிரைக்கும் அதிர்ச்சியில்லை, என் முதுகுக்கும் சுமை குறைவு. தீவனத்தையும் மறந்துவிடாதே. குளம்பின் அடியில் சுவரும் அடித்தோலும் சேரும் இடத்திலுள்ள வெள்ளைக்கோடு அகன்று, அதில் மண்ணும் கல்லும் ஏறியிருந்தால், புல்லிலும் தானியத்திலும் சர்க்கரையும் மாவுச்சத்தும் மிகுந்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். அதை அரத்தால் மட்டும் தீர்க்க முடியாது.

லாடம் அறியாத காலத்துக் கிரேக்கரான செனபன், கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே, கொட்டிலுக்கு வெளியே வண்டி வண்டியாக உருண்டைக் கற்களைக் கொட்டி அதன்மேல் குதிரையை நிற்கவிட்டால் குளம்பு உறுதிப்படும் என்று எழுதிவைத்தார். நல்ல குளம்பு தரையில் படும்போது கைத்தாளம் போல் ஒலிக்கும் என்பதும் அவர் கூற்றே. வலியில்லாத குதிரைக்கு அந்த யோசனை இன்றும் பொருந்தும். கூசுகிற உன் செவலையைக் கற்களின்மேல் நிறுத்திப் பழக்க நினைக்காதே. முதலில் மண், பிறகு சிறு கூழாங்கல் என்று படிப்படியாகவே போக வேண்டும்.

எனக்குச் சில படங்கள் அனுப்பு. கேமராவைத் தரையோடு தரையாக வைத்து ஒவ்வொரு காலையும் முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் எடு. காலைத் தூக்கி அடிப்பகுதியை நேராகவும், குதிகாலைப் பின்னாலிருந்தும் எடு. நின்ற உயரத்திலிருந்து எடுக்கும் படத்தில் சரிவுகள் எல்லாம் பொய்யாகத் தெரியும். கூடவே எந்தப் பகுதி முதலில் ஊன்றுகிறது, நாடி எப்படி அடிக்கிறது, பள்ளத்தின் ஆழம் எவ்வளவு என்பவற்றையும் நான்கு கால்களுக்கும் தனித்தனியாக எழுது. அவை வந்த பிறகு குதிகாலைத் தொடுவதா, தொட்டால் எத்தனை வாரங்களில் எவ்வளவு இறக்குவது என்று சேர்ந்து முடிவு செய்வோம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்