அப்பாவின் கால் தெரிகிற படம்

பாம்பன்,
ஞாயிறு இரவு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேச ஆரம்பித்தால் எனக்குப் பாதியிலேயே அழுகை வந்துவிடுகிறது. நீயும் அங்கே வேலை நேரத்தில் என்ன செய்வாய். அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பையன் இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவான். பொறுமையாகப் படி.

உன் அக்கா மகள் பாப்பாவுக்கு ஏழு வயது நடக்கிறது. உயரம் 105 செ.மீ.தான். முப்பது வருஷம் அங்கன்வாடியில் ஊர்ப் பிள்ளைகளை நிறுத்தி உயரமும் எடையும் பார்த்தவள் நான். எந்தப் பிள்ளை பின்தங்குகிறது என்று அட்டையைப் பார்த்ததும் சொல்லிவிடுவேன். என் இடுப்பில் இருந்த பிள்ளையைக் கவனிக்காமல் விட்டேன். முட்டி இரண்டும் வெளிப்பக்கம் வளைந்து, இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நடக்கிறாள். பள்ளிக்கூடம் போய்த் திரும்பும்போது பாதி வழியில் "அம்மாச்சி, தூக்கு" என்கிறாள். போன ஆவணியில் ஒரு சொத்தைகூட இல்லாத பல்லுக்கு அடியில் சீழ் கட்டியது. அதையும் காலையும் சேர்த்துப் பார்க்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டு வருஷமாக வைட்டமின் டி, கால்சியம் என்று கொடுத்துப் பார்த்தோம். வெயிலும் சூடை மீனும் இல்லாத நாளே இல்லாத ஊரில் இந்தப் பிள்ளைக்கு மட்டும் ஏன் பத்தாமல் போனது என்று நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. தண்ணீரில் ஃப்ளோரைடு இருக்கும் என்றார்கள். அதே குடத்துத் தண்ணீர் குடிக்கிற தெருப் பிள்ளைகள் எல்லாம் கடலில் குதித்து விளையாடுகின்றன. கட்டுப் போட்டால் நிமிரும் என்று ஒருவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார், மூன்று நாள் பிள்ளை தூங்கவில்லை, நானே அவிழ்த்துப் போட்டேன். ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்கு நேர்ச்சையும் வைத்திருக்கிறேன். அப்புறம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு காலையும் அறுத்து நிமிர்த்தித் தகடு வைக்கலாம் என்றார்கள். அதற்குத்தான் உன்னிடம் பணம் கேட்டோம். அந்தப் பணத்தை இப்போது அனுப்ப வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

போன வாரம் மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். உன் வயதுதான் இருக்கும் அந்த டாக்டருக்கு. பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் மேஜையில் பரப்பி ஒவ்வொன்றாகப் படித்தார். இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு தாளில் விரலை வைத்தார். ரத்தத்தில் பாஸ்பேட் 2.6. பக்கத்தில் 2.5 முதல் 4.5 வரை சரி என்று அச்சாகியிருக்கிறது. "இது பெரியவர்களுக்கான கணக்கு அம்மா, வளரும் பிள்ளைக்கு 4-க்கு மேல் இருக்க வேண்டும்" என்றார். இரண்டு வருஷமாக அந்தத் தாள் நம் வீட்டுப் பீரோவில்தான் கிடந்தது.

எலும்பு கெட்டியாக கால்சியம் மாதிரியே பாஸ்பேட்டும் வேண்டுமாம். சிலருக்குச் சிறுநீரகம் அதைப் பிடித்து வைக்காமல் சிறுநீரோடு விட்டுவிடும். அப்படியானால் வைட்டமின் டி எவ்வளவு ஊற்றினாலும் கால் நிமிராது. பாஸ்பேட் மருந்தை ஒரு நாளைக்கு நாலைந்து தடவை பிரித்துக் கொடுத்து, கூடவே கால்சிட்ரியால் என்று, உடம்பு அப்படியே எடுத்துக்கொள்கிற வடிவில் உள்ள வைட்டமின் டி-யும் கொடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் குறையைச் சரி செய்யாமல் எலும்பை அறுத்து நிமிர்த்தினால் திரும்பவும் வளையும் என்றார். பணம் வேண்டாம் என்றது இதனால்தான். ஆனால் இதுதான் நோய் என்று அவர் முடிவாகச் சொல்லவில்லை. சிறுநீரகத்தில் அமிலம் சரியாக வெளியேறாத கோளாறிலும் கால் இப்படி வளையுமாம். ரத்தமும் சிறுநீரும் ஒரே நேரத்தில் எடுத்துப் பார்த்து, மரபணு பரிசோதனையும் செய்தால்தான் தெரியும். அரிய நோய்களுக்கு மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த திட்டத்தில் உதவி கேட்பதானாலும் முதலில் நோய்க்கு ஒரு பெயர் வேண்டும்.

இப்போது நான் எழுத வந்த விஷயம். "குடும்பத்தில் வேறு யாருக்காவது கால் இப்படி உண்டா?" என்று அவர் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன் தம்பி. பஸ்ஸில் வரும்போது, உச்சிப்புளி தாண்டியதும், உன் அப்பா ஞாபகம் வந்தது.

வத்தைப் படகில் நின்று நின்று கால் வளைந்துவிட்டது என்று உன் அப்பத்தா சொல்லும். நானும் அதையே நம்பினேன். அவரோடு நின்றவர்கள் யாருக்கும் வளையவில்லை. நாற்பது வயதுக்குள் பாதிப் பல் போனது. கச்சான் காற்று அடிக்கிற மாசத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். உன் அக்காவும் குள்ளம், அவளுக்கும் முட்டி வலி, இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு வராதா என்று விட்டுவிட்டோம். முப்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனின் காலை நான் நோயாக நினைக்கவே இல்லை.

மறுநாளே டாக்டருக்குப் போன் செய்து சொன்னேன். பாஸ்பேட் சிறுநீரில் போகிற இந்த நோயில் அதிகம் காணப்படும் வகை, மரபணுக்களைச் சுமக்கிற எக்ஸ் குரோமோசோமில் வருவதாம். அப்பாவுக்கு இருந்தால் பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் போகும், ஆண் பிள்ளைக்குப் போகாது, அப்படியானால் அப்பாவிடமிருந்து உனக்கு வந்திருக்காது. தாய்க்கு இருந்தால் பிறப்பது ஆணோ பெண்ணோ, பாதிக்குப் பாதி வாய்ப்பு. மருமகளுக்கு ஐந்தாம் மாதம் நடக்கும் நேரத்தில் நீ இரவெல்லாம் தூங்காமல் இருப்பது எனக்குத் தெரியும். ரிப்போர்ட் வருகிற வரை உறுதி கிடையாது, ஆனாலும் இது உனக்குத் தெரிய வேண்டும்.

இன்னொன்று. அத்தை மகனுக்குக் கட்டிக்கொடுத்ததால்தான் பிள்ளைக்கு இப்படி என்று அக்காவிடம் சொன்னாய். சொந்தத்தில் கட்டினால் வரும் நோய்கள் உண்டுதான். இந்த வகை அப்படி இல்லை, தாய் தகப்பனில் ஒருவரிடம் இருந்தாலே போதும் என்று டாக்டர் சொன்னார். நீ அப்படிச் சொன்ன நாளிலிருந்து அவள் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்துச் சோறு வைப்பதில்லை. நீயே கூப்பிட்டு அவளிடம் பேசு. என்னை நடுவில் வைக்காதே.

வேலூர் சி.எம்.சி. மரபணுப் பிரிவுக்கு டாக்டர் கடிதம் கொடுத்திருக்கிறார். ராமேஸ்வரம் திருப்பதி ரயிலில் ஏறினால் காட்பாடியில் இறங்கிவிடலாம், பிள்ளையை பஸ்ஸில் குலுக்க வேண்டாம். நானும் அக்காவும் பாப்பாவும் போகிறோம். அக்காவுக்கும் ரத்தம் எடுப்பார்கள். அங்கே தங்குவதற்கும் பரிசோதனைக்கும் ஆகும் செலவை மட்டும் நீ பார்த்துக்கொள். உன்னோடு தங்கியிருக்கும் வேலூர்ப் பையனிடம் ஆஸ்பத்திரிப் பக்கத்தில் ஒரு அறைக்குச் சொல்லி வை.

அப்பாவின் எக்ஸ்ரே எதுவும் நம்மிடம் இல்லை. குவைத் போகும்போது நீ எடுத்துப்போன படம் ஒன்றுதான் இருக்கிறது, தென்கடல் கரையில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வத்தைக்குப் பக்கத்தில் நிற்பாரே, அது. இன்று இரவே அதை அனுப்பு. முகத்தை மட்டும் பெரிதாக எடுத்து அனுப்பாதே அய்யா, பாதம் வரைக்கும் தெரிய வேண்டும்.

அம்மா