சித்தியின் ரொட்டியும் உன் நாற்காலியும்

அன்புள்ள தங்கச்சி,

ஒரு யூடியூப் சேனல்காரரிடம் வாங்கி நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய டயட் சார்ட்டை முழுவதும் வாசித்தேன். கூடவே நீ போட்டிருந்த வொய்ஸ் மெசேஜையும் கேட்டேன். "அக்கா, சோறு ரொட்டி எல்லாத்தையும் விட்டுட்டேன், முதல் வாரம் மளமளன்னு இறங்கிச்சு, இப்ப அப்படியே நிக்குது. அவங்க சொல்ற கேப்சூலையும் வாங்கவா?"

வாங்காதே. காரணத்தைக் கீழே சொல்கிறேன். பதிலைப் பொதுவில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே, உன் பெயரைப் போடவில்லை. மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று கடையிலும் ஆபீசிலும் உட்கார்ந்து வேலை செய்கிற நம் பிள்ளைகளில் பல பேர் இதே மாதிரி சார்ட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள். அவர்களும் வாசிக்கட்டும்.

முதலில் சார்ட். காலையில் ஓட்ஸும் பாதாமும், மத்தியானம் ஆலிவ் ஆயிலில் வதக்கிய ப்ரோக்கோலி, பனீர், இரவுக்கு அவகாடோ சாலட். சமைக்கப் போவது யார், மாதக் கடைசியில் கையில் எவ்வளவு சல்லி மிஞ்சும் என்பதெல்லாம் இதை எழுதினவருக்குத் தெரியாது. சந்தையில் கோவாவும் போஞ்சியும் லீக்ஸும் நோக்கோலும் குவிந்து கிடக்க, நீ ப்ரோக்கோலி தேடி சூப்பர் மார்க்கட்டுக்குப் போயிருக்கிறாய். அந்தச் சார்ட்டில் நமக்குச் சும்மா கிடைக்கக்கூடியது அவகாடோ ஒன்றுதான், பக்கத்து வீட்டு மரத்து அலிபேரா. அதையும் நாம் சீனியும் பாலும் போட்டுப் பிசைந்துதான் தின்போம். சீனி போடாவிட்டாலும் அதில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 160 கலோரி உண்டு. நல்ல பழம்தான், ஆனால் இலேசான சாப்பாடு இல்லை.

அந்தச் சேனல்காரர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. மாச்சத்தைக் குறைத்து மெலிந்தவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். கொழுப்பைக் குறைத்து மெலிந்தவர்களும் இருக்கிறார்கள். 2018ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்புக் குறைந்த சாப்பாடு, மற்றப் பாதிக்கு மாச்சத்துக் குறைந்த சாப்பாடு என்று ஒரு வருடம் வைத்துப் பார்த்த ஆய்வு வெளிவந்தது. சராசரியாக முதல் கூட்டம் 5.3 கிலோ இறங்கியது, இரண்டாவது கூட்டம் 6 கிலோ. பெரிதாக எடுத்துக்கொள்ளும் வித்தியாசம் இல்லை என்பதுதான் முடிவு. என்னை நிறுத்தி வைத்தது இன்னொரு விஷயம். இரண்டு கூட்டத்திலும் கிட்டத்தட்ட 30 கிலோ இறங்கினவரும் இருந்தார், 10 கிலோ வரை ஏறினவரும் இருந்தார். ஒரே அறிவுரை, ஒரே வகுப்பு! இப்போது யோசித்துப் பார், யூடியூபில் 'முன்னே, பின்னே' படம் போடுகிறவர் இந்த இரண்டு பேரில் யாரைக் காட்டுவார்? ஏறினவருக்கு வீடியோ கிடையாது. அவர் தன் மனதைத் திட்டிக்கொண்டு வீட்டில் இருப்பார், இப்போது நீ இருப்பது மாதிரி.

முதல் வாரத்தில் மளமளவென்று இறங்கியதே, அதற்கு என்ன விளக்கம் என்று கேட்பாய். சோற்றிலும் ரொட்டியிலும் இருந்து வரும் சர்க்கரையில் ஒரு பகுதியை உடம்பு கிளைகோஜன் என்ற வடிவில் ஈரலிலும் தசையிலும் சேமித்து வைக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கும். மாச்சத்தை நிறுத்தினால் அந்தச் சேமிப்பு கரையும், தண்ணீரும் கூடவே போகும். தராசில் ஒன்றிரண்டு கிலோ குறையும். அதில் கொழுப்பு கொஞ்சம்தான். கோயில் திருவிழாவுக்குப் போய் ஒரு நேரம் சோறு சாப்பிட்டதும் "எல்லாம் திரும்பி வந்திருச்சு" என்று அழுதாயே, அன்று திரும்பி வந்ததிலும் பெரும்பகுதி தண்ணீர்தான்.

சரி, ரொட்டிக்கு வருகிறேன். எனக்குச் சொல்ல இருப்பதே இதுதான்.

நம் வீடுகளில் கோதுமை மா ரொட்டி எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டமே அரிசியும் மாவும் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. விடியற்காலையில் சுட்டு, கட்டச்சம்பலோடு ரெண்டோ மூன்றோ தின்றுவிட்டுப் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கிற இடத்துக்குப் போனால் மத்தியானம் வரை தாங்கும். என் சித்தி, அதாவது உன் அம்மா, இன்றைக்கும் அப்படித்தான் போகிறார். மலையில் ஏறி இறங்கி, பனியிலும் மழையிலும் நின்று, கொழுந்துக் கூடையைத் தலையில் கட்டி, நிறுவைக்குச் சுமந்து போகிற உடம்புக்கு அந்த ரொட்டி அளவானது. சித்தி மூன்று ரொட்டி தின்றும் ஒல்லியாக இருப்பதைப் பார்த்து, "எனக்கு மட்டும் ஏன்கா?" என்று கேட்கிறாய். நீ ரொட்டியை மட்டும் எடுத்துக்கொண்டாய், மலையை விட்டுவிட்டாய். காலையில் திரீவீலரில் இறங்கி, பஸ் ஏறி, கவுன்டரில் உட்கார்ந்து, இருட்டினபின் திரும்பி வருகிறாய். நீ எடுத்த முடிவு சரியானதுதான். கொழுந்து பறிக்கப் போகக்கூடாது என்றுதானே சித்தி உன்னைப் படிக்க வைத்தார்? ஆனால் தட்டின் அளவை யாரும் மாற்றவில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கனமான ரொட்டிக்கு 80 கிராம் மா என்று வை. 280 கலோரி. தேங்காய்ப்பூவும் சேர்ந்தால் 300ஐத் தாண்டும். மூன்று ரொட்டி என்றால் 900க்கு மேல், சம்பலைச் சேர்க்காமலே. உன் உயரத்துக்கு உட்கார்ந்து வேலை செய்கிற ஒரு பெண்ணுக்கு நாள் முழுவதற்கும் சுமார் 1,600 அல்லது 1,700 கலோரி போதும். பாதிக்கு மேல் காலை எட்டு மணிக்குள் முடிந்துவிடுகிறது. அப்புறம் தேத்தண்ணி. கடையில் வேலை செய்கிறவளுக்கு ஐந்து கோப்பை சாதாரணம், கோப்பைக்கு ரெண்டு கரண்டி சீனி. மொத்தம் 40 கிராம், 160 கலோரி. சேர்த்த சீனியை நாளைக்கு 25 கிராம் அளவுக்குக் கட்டுப்படுத்தினால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015ல் சொன்னது. நீ தேத்தண்ணியிலேயே அதைத் தாண்டிவிடுகிறாய், பின்னேரம் தின்கிற மாலு பணிஸ் தனி.

ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. காலையில் ஒரு ரொட்டியைக் குறைத்து, தேத்தண்ணியில் சீனியை விட்டால் நாளைக்கு 450 கலோரிக்கு மேல் குறையும். இரண்டரை வாரத்துக்கு ஒரு கிலோ மாதிரி. போகப் போக வேகம் குறையும், உடம்பு சிறிதானால் அதன் தேவையும் சிறிதாகும். கேட்க மந்தமாக இருக்கிறது, '30 நாளில் 10 கிலோ' என்று தலைப்புப் போட முடியாது. ஆனால் இதற்குப் பாதாம் வாங்க வேண்டாம்.

குறைத்த ரொட்டியின் இடத்தைச் சும்மா விடாதே, பதினொரு மணிக்குப் பசித்து பணிஸ் கடைக்கு ஓடுவாய். ஒரு அவித்த முட்டை வை. இல்லையென்றால் கடலை, பாசிப்பயறு, கொஞ்சம் நெத்தலி. சோயா மீட்டை ஏளனமாகப் பார்க்காதே, காய்ந்த நிலையில் அதன் எடையில் பாதி புரதம். சோற்றை அடியோடு விடச் சொல்லவில்லை. தட்டில் பாதிக்கு மரக்கறி வை, மீதியில் சோறும் பருப்பும் போட்டுக்கொள். குரக்கன் ரொட்டிக்கு மாறினால் மெலியலாம் என்றும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். குரக்கனில் நார் கூட, பசி அடங்கும், அது நல்லதுதான். ஆனால் கலோரியில் கோதுமையை விடப் பெரிதாகக் குறைவில்லை. மூன்று குரக்கன் ரொட்டியும் மூன்று ரொட்டிதான்.

"நான் ஒன்றுமே சாப்பிடுவதில்லை அக்கா" என்று சொல்வாய், தெரியும். 1992ல் வெளிவந்த ஒரு ஆய்வில், 1,200 கலோரிக்குக் குறைவாகச் சாப்பிட்டும் இறங்கவில்லை என்று சொன்னவர்களின் சாப்பாட்டை உண்மையாக அளந்து பார்த்தார்கள். அவர்கள் எழுதி வைத்த கணக்கு, தின்றதை விடச் சராசரியாக 47 சதவீதம் குறைவு. உடல் உழைப்பை 51 சதவீதம் கூட்டி எழுதியிருந்தார்கள். உடம்பு எரிக்கும் வேகத்தில் குறை எதுவும் இல்லை. அவர்கள் பொய்யர்கள் இல்லை, மனிதர்களுக்குத் தின்றது ஞாபகம் நிற்பதில்லை, அவ்வளவுதான். நீ ஒரு வாரத்துக்குத் தின்ற உடனே போனில் எழுதி வை. அக்காமாருக்கு அனுப்ப வேண்டாம், நீ பார்த்தால் போதும்.

வீட்டில் இது சுலபம் இல்லை என்பதும் தெரியும். தட்டில் ஒரு ரொட்டி குறைந்தால் சித்தி என்ன சொல்வார்? "பொம்பளப் புள்ள வயித்துக்குத் தின்னாம கெடக்குது, ஊர் என்ன பேசும்?" பசி பார்த்த தலைமுறைக்கு, கொடுத்ததை வேண்டாம் என்பது அவமானம். இதில் நான் சித்தி பக்கம் கொஞ்சம் சாய்வேன். 2016ல் இலங்கையில் எடுத்த நாடளாவிய சுகாதார ஆய்வில், தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்குக் கிட்ட வயதுக்கேற்ற உயரம் இல்லை, நாட்டுச் சராசரியோ ஆறில் ஒருவர். போதாமல் வளர்ந்த உடம்புகள் நம்முடையவை. எடை குறைந்து பிறந்தவர்களுக்குப் பின்னாளில் சீனி வருத்தம் வரும் வாய்ப்பும் கூட. அதனால் சித்தியோடு சண்டை போடாதே. ரொட்டியைச் சின்னதாகத் தட்டச் சொல், எண்ணிக்கை அப்படியே இருக்கட்டும். ரெண்டு பேருக்கும் மரியாதை மிஞ்சும்.

இன்னொன்று, அந்த ஆப்பில் எடையைப் போட்டால் பச்சை காட்டுகிறது என்றாயே. உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கிற பி.எம்.ஐ. 25 வரை சரி என்ற கணக்கு அது. தெற்காசிய உடம்புகளுக்கு 23லேயே ஆபத்து ஏறத் தொடங்கும். உன் 152 சென்டிமீட்டருக்கு அது 53 கிலோ. தராசைவிட தையல்காரரின் டேப் உனக்கு உதவும், இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்து வயிற்றுக் கொழுப்பை மட்டும் கரைக்க முடியாது, எங்கிருந்து முதலில் எடுப்பது என்று உடம்புதான் தீர்மானிக்கும். ஆனால் நடக்கலாம். இருட்டு, நாய், அட்டை எல்லாம் எனக்கும் தெரியும், பத்தாயிரம் அடி என்றெல்லாம் சொல்ல மாட்டேன். பகலில் திரும்பும் நாட்களில் திரீவீலரை விட்டு அந்த ஏற்றத்தை ஏறு.

இப்போது கேப்சூல். அதில் கார்சினியா கம்போஜியா என்று எழுதியிருக்கிறது. நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அது நம் மீன் குழம்பில் போடுகிற கொறக்காவின் கூட்டம். 1998ல் 135 பேருக்கு 12 வாரம் அதன் சாரத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள், மருந்தில்லாத வெறும் மாத்திரை தின்றவர்களை விட அவர்கள் கூடுதலாக இறங்கவில்லை. குழம்பில் அது நல்லது. செறிவாக்கிக் குளிகையாகத் தின்று ஈரல் கெட்டவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகள் உண்டு. இதைவிட மோசமானது லேபிளில் எழுதாதது. சிபுட்ரமைன் என்ற பசியடக்கி, மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்தினால் 2010ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகும் 'மூலிகை' என்று விற்கிற மெலிவு மாத்திரைகளில் அது கலந்திருப்பது திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறது.

கூடவே 'ஸ்லிம்மிங் க்ரீன் டீ' ஒரு பாக்கெட் வேறு! கொழுந்து பறிக்கிறவரின் மகளுக்குத் தேயிலையை இறக்குமதி செய்து விற்கிறார்கள், அவர்கள் சாமர்த்தியத்தை மெச்ச வேண்டும். க்ரீன் டீயும் அதே செடிதான், புளிக்கவிடாத இலை. அதனால் இறங்கும் எடை கணக்கில் எடுக்க முடியாத அளவு. சீனி போடாத சாயத்தண்ணி குடி, அதே வேலை.

கடைசியாக, கட்டாயம் செய்ய வேண்டியது. மாதவிடாய் பிந்துகிறது, எப்போதும் களைப்பு என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாய். அதைச் சார்ட்காரரிடம் சொன்னாயா? அவர் கேட்டிருக்கவும் மாட்டார். தைரொய்டு குறைவாகச் சுரந்தாலும், சினைப்பையில் நீர்க்கட்டிப் பிரச்சினை இருந்தாலும் எடை ஏறும், குறைப்பதும் சிரமம். அரசாங்க ஆஸ்பத்திரி ஓபிடியில் டாக்டரிடம் இந்த இரண்டையும் வாய் திறந்து சொல், தைரொய்டைப் பார்க்கிற டிஎஸ்எச் இரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேள். போகும்போது சித்தியையும் கூட்டிப் போ. 35 வயதைத் தாண்டியவர்களுக்கு பிரஷரும் சீனியும் இலவசமாகப் பார்க்கிற கிளினிக் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் உண்டு. ஒல்லியாக இருப்பதால் தனக்கு ஒன்றும் வராது என்று சித்தி நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. இரண்டாம் மாதச் சார்ட்டுக்கு ஏற்கெனவே சல்லி கட்டியிருந்தால் திருப்பிக் கேள். தரமாட்டார்கள், ஆனாலும் கேட்டுப் பார்.

அன்புடன்,
அக்கா