பாட்டை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு,

எஸ்டோனியா பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரையில் தாலின் நகரத்துக் கோட்டைச் சுவர் இருந்தது, கஃபே இருந்தது, பாட்டைத்தான் காணோம். 1869-லேயே தார்த்து நகரில் பாட்டுத் திருவிழா தொடங்கிய நாடு ஐயா அது!

பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராக இருந்தவன் என்பதால் கேட்கிறேன்: எல்லர்ஹெய்ன் சிறுமியர் பாடகர் குழுவை எப்படி மறந்தீர்கள்? 1951-ல் ஹெய்னோ கல்யுஸ்தே ஆரம்பித்தது. ஸ்வரங்களுக்கு யோ, லே, மி என்று பெயரிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கைச்சைகை காட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் முறையை அங்கே பரப்பியவர்களில் அவரும் ஒருவர். நம் பள்ளிகளில் பாட்டு வகுப்பைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார். அது வேறு கதை.

வெளிநாட்டு மேடைகளிலும் பாடும் குழு இது. பின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியஸ் எழுதிய காண்டாட்டாக்களை (குரலும் வாத்தியமும் சேர்ந்த நீண்ட இசைப்படைப்புகளை) இசை நடத்துநர் பாவோ யார்வி நடத்த, எஸ்டோனிய தேசிய ஆண்கள் பாடகர் குழுவோடு சேர்ந்து பாடி 2004-ல் கிராமி வாங்கினார்கள். எனக்கென்னவோ விருதைவிட எஸ்டோனிய இசையமைப்பாளர் வெல்யோ தோர்மிஸின் பாடல்கள்தான் பிடிக்கும். அவர் எடுத்தாண்ட பழைய நாட்டுப்பாட்டு முறையில் ஒருத்தி ஒரு வரி பாடுவாள். அவள் முடிக்கும் முன்பே கடைசி அசையில் மற்றவர்கள் சேர்ந்துகொண்டு அதே வரியைத் திருப்பிப் பாடுவார்கள். மூச்சு விட இடைவெளியே தெரியாது.

அடுத்த ஞாயிறு இவர்களுக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள்.

— ஓய்வுபெற்ற இசை ஆசிரியர், கும்பகோணம்