நாகை விகாரத்தைக் கடல் கொள்ளவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வெளியான நாகப்பட்டினம் சுற்றுலாக் கட்டுரையில், 'சோழர் காலத்துச் சூடாமணி விகாரம் பிற்காலத்தில் கடலுக்கு இரையாகிவிட்டது' என்று ஒரு வரி வந்திருக்கிறது. பூம்புகாருக்குச் சொல்லும் கதையைக் கட்டுரையாளர் எங்கள் ஊருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார் போலும். பௌத்தத் துறவியர் மடமான அந்த விகாரத்தின் கடைசி எச்சம் என்று கருதப்பட்ட கோபுரம் 1867-ஆம் ஆண்டில், சென்னை அரசின் அனுமதி பெற்று, ஆட்களை வைத்து இடிக்கப்பட்டது என்பதைத் தங்களைப் போன்ற அறிஞருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஊரார் புதுவெளிக் கோபுரம் என்றும் ஐரோப்பியர் சீனக் கோபுரம் என்றும் அழைத்த அந்தக் கட்டடத்தை 1846-இல் நேரில் பார்த்த வால்டர் எலியட் என்ற அதிகாரி, அது சாந்து இல்லாமல் நெருக்கி அடுக்கிய செங்கற்களால் ஆன மூன்று நிலைக் கோபுரம் என்று எழுதி, படத்தையும் வெளியிட்டிருக்கிறார். கப்பல்காரர்களுக்குக் கரையைக் காட்டும் அடையாளமாகவும் அது இருந்தது. அதை இடித்துக்கொள்ள இயேசு சபைப் பாதிரியார்கள் 1859-இல் அனுமதி கேட்டபோது கிடைக்கவில்லை. 1867-இல் மறுபடியும் கேட்டபோது கிடைத்துவிட்டது. அவர்கள் நாகையில் நடத்திவந்த கல்லூரியோ 1883-இல் திருச்சிக்குப் போய்விட்டது. ஆக, எங்களுக்குக் கோபுரமும் இல்லை, கல்லூரியும் இல்லை. இதில் கடல் எங்கே வந்தது?

கடல் எங்களிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்பது 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்த எங்களுக்கு நன்றாகவே தெரியும். அது செய்யாததையும் அதன் கணக்கில் எழுதத் தேவையில்லை.

அதே கட்டுரை, விகாரத்தைக் கட்டியவரை 'ஏதோ ஒரு கீழைநாட்டு மன்னர்' என்று கடந்து செல்கிறது. சுமத்ரா தீவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜய நாட்டின் அரசன் சூளாமணிவர்மன் தொடங்கி, அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் முடித்த பௌத்தப் பள்ளி அது. முதலாம் ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் அதற்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். பெண்யானையை நடத்தி எல்லை வகுத்து, 8,943 கலத்துக்கு மேற்பட்ட நெல் வருவாயை ஒதுக்கிய விவரம், நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போனதால் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றுவிட்ட 21 ஏடுகளில் இருக்கிறது. நாழிக்கணக்கு வரை எழுதி வைத்த ஓர் அறக்கொடையைப் பற்றி எழுதும்போது, கொடை பெற்ற பள்ளியைக் கட்டியவன் பெயரைத் தேடிப் பார்க்க ஒரு மணி நேரம்கூடவா கிடைக்கவில்லை?

இது முதல் முறையாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். சில ஆண்டுகளுக்கு முன், நாகையில் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனி ஒன்றின் படத்தைப் போட்டு, கீழே 'மகாவீரர்' என்று அச்சிட்டீர்கள். அதைச் சுட்டி நான் எழுதிய கடிதம் இரண்டு வரியாகச் சுருங்கி, மின்வெட்டு அறிவிப்புக்குப் பக்கத்தில் வெளியானது. அந்த இரண்டு வரியில் புத்தரும் இல்லை, மகாவீரரும் இல்லை. முந்நூறுக்கும் மேற்பட்ட பௌத்தச் செப்புத் திருமேனிகள் வெளிப்பாளையத்திலும் நாணயக்காரத் தெருவிலும் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டு, அவற்றில் பல சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவை கிடைத்த ஊரில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கோபுரம் இருந்த இடத்தில் ஓர் அறிவிப்புப் பலகையாவது வைக்கலாமே என்று ஓர் அலுவலகத்தில் போய்க் கேட்டபோது, அங்கிருந்தவர் மிகுந்த பரிவோடு, "அதுதான் கடலுக்குள்ளே போயிட்டதே சார், பலகையை எங்கே நடறது?" என்றார். அவர் எதைப் படித்து அப்படிச் சொன்னார் என்று அன்று புரியவில்லை. சென்ற ஞாயிறு புரிந்தது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அதே ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், கோபுரம் 1867-இல் இடிக்கப்பட்டது என்று ஒரு வரித் திருத்தம் வெளியிடுங்கள். இடமிருந்தால் எலியட்டின் படத்தையும் சேர்க்கலாம். அனுப்பித்தர அணியமாக இருக்கிறேன். சென்ற முறை அனுப்பிய புகைப்படம் இன்னும் திரும்பி வராததால், இம்முறை நகலை மட்டுமே அனுப்புவேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
வெளிப்பாளையம், நாகப்பட்டினம்.