பில்லில் டோல் தனி வரியாக வருவது ஏன்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். இந்த மாதம் முதல் நம் பில்லில் லாரி வாடகைக்குக் கீழே ‘டோல்’ என்று ஒரு வரி தனியாக வருகிறது. இதுவரை அது வாடகைக்குள்ளேயே இருந்தது. தனியாகப் பார்த்ததும் புதிதாக எதையோ ஏற்றிவிட்டோம் என்று சிலர் நினைத்துவிட்டீர்கள். மொத்தத் தொகை ஏறவில்லை, பிரித்துக் காட்டியிருக்கிறோம், அவ்வளவுதான்.

பிரித்ததற்குக் காரணம் நீங்கள் போனில் கேட்கும் கேள்விகள்தான். “ரோடு போட மதிப்பீட்டைவிடப் பல மடங்கு செலவாயிடுச்சாமே, அதையெல்லாம் எங்க தலையிலதான் கட்டுறாங்களா?” என்கிறார் ஒருவர். “வேலையே முடியாத ரோட்டுக்கு எதுக்குங்க டோல்?” என்கிறார் இன்னொருவர். “கோர்ட்டே வாங்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சே, நீங்க ஏன் இன்னும் போடுறீங்க?” என்று சண்டைக்கே வந்தவரும் உண்டு. மூன்றும் நியாயமான கேள்விகள். வண்டி ஓட்டும் எங்களுக்கும் இதே கோபம் இருப்பதால் தெரிந்தவரை விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் கட்டணக் கணக்கு. தேசிய நெடுஞ்சாலைகளில் டோல் எவ்வளவு என்பதை 2008-ஆம் ஆண்டுக் கட்டண விதிகள் தீர்மானிக்கின்றன. நான்கு வழிச்சாலையென்றால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஓர் அடிப்படை விலை. 2007-08 கணக்கில் காருக்கு 65 காசு, லாரிக்கும் பஸ்ஸுக்கும் 2 ரூபாய் 20 காசு. அந்தக் கணக்கில் 60 கிலோமீட்டருக்கு ஒரு லாரி 132 ரூபாய் கட்ட வேண்டும். இதன்மேல் ஆண்டுக்கு 3 விழுக்காடும், மொத்த விற்பனை விலைக் குறியீடு ஏறிய அளவில் 40 விழுக்காடும் கூட்டிக்கொண்டே வருகிறார்கள். பெரிய பாலம், மேம்பாலம், சுரங்கம் இருந்தால் அந்த நீளத்துக்குத் தனிக் கணக்கு. ஒரு கிலோமீட்டர் பாலத்தைப் பத்துக் கிலோமீட்டர் சாலையாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2025 ஜூலையில் அதைத் திருத்தியதால், பெரும்பகுதி பாலமாகவே இருக்கும் சாலைகளில் கட்டணம் பாதி வரை குறைய வழி வந்திருக்கிறது.

இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சாலையைப் போட உண்மையில் எத்தனை கோடி ஆனது என்ற எண் இதில் எங்குமே இல்லை. கிலோமீட்டருக்குப் பத்துக் கோடியில் போட்டாலும் முப்பது கோடியில் போட்டாலும், சமதரையில் ஓடும் நான்கு வழிச்சாலைக்கு விலை ஒன்றுதான். ஆக, மதிப்பீட்டைவிடச் செலவு கூடிவிட்டது என்று பேப்பரில் வந்த மறுநாளே டோல் ஏறிவிடாது. அந்தச் செலவு வேறு வாசல் வழியாக வருகிறது. சாவடியில் எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதைவிட எத்தனை வருடம் வாங்குகிறார்கள் என்பதில்தான் சிக்கல்.

பழைய விதிப்படி, அரசுப் பணத்தில் போட்ட சாலைக்கு முதலீடு திரும்பி வந்ததும் கட்டணத்தை 40 விழுக்காடாகக் குறைக்க வேண்டும். இதை நம்பித்தான் “போட்ட காசை எடுத்தாச்சே, இன்னும் ஏன்?” என்று சாவடிக்குச் சாவடி மக்கள் கேட்டார்கள். 2023 அக்டோபரில் விதியைத் திருத்தி அந்தக் குறைப்பையே எடுத்துவிட்டார்கள். பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்பது அரசின் வாதம். எங்களைக் கேட்டால், போட்ட காசு வந்ததா இல்லையா என்று கணக்குக் கேட்கும் உரிமைக்கு அன்றோடு பல் போய்விட்டது.

செலவுச் சண்டைகளில் பெரியது 2023 ஆகஸ்டில் வந்தது. தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கையில், டெல்லியையும் குருகிராமையும் இணைக்கும் துவாரகா விரைவுச்சாலைக்கு மத்திய அமைச்சரவைக் குழுவின் ஒப்புதல் கிலோமீட்டருக்கு 18.20 கோடி, தேசிய நெடுஞ்சாலை ஆணையம் அனுமதித்ததோ 250.77 கோடி என்று இருந்தது. நாடே கொதித்தது. சாலைப் போக்குவரத்து அமைச்சகம் சொன்ன பதில்: 18.20 என்பது பல ஆயிரம் கிலோமீட்டர் கொண்ட திட்டத்தின் சராசரி, துவாரகாவோ பெரும்பகுதி தூணில் நிற்கும் எட்டு வழிச்சாலை, டெண்டரும் மதிப்பீட்டுக்குக் கீழேதான் போனது. உள்ளபடி சொன்னால் இந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. வயல்வெளியில் போடும் சாலையையும் நகரத்துக்கு மேலே தூக்கிக் கட்டும் சாலையையும் ஒரே படியில் அளக்க முடியாது.

ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு கணக்கும் இருந்தது. அதைப் பற்றி யாரும் அவ்வளவாகச் சத்தம் போடவில்லை. மத்திய அரசின் நெடுஞ்சாலைத் திட்டமான பாரத்மாலாவின் முதல் கட்டம் முழுவதற்கும், 34,800 கிலோமீட்டருக்கு, 2017-இல் ஒப்புதல் ஆனது 5.35 லட்சம் கோடி. கிலோமீட்டருக்குச் சுமார் 15.37 கோடி. 2023 மார்ச் வரை ஒப்பந்தம் விட்ட 26,316 கிலோமீட்டருக்கு அனுமதித்த தொகை 8.46 லட்சம் கோடி, கிலோமீட்டருக்கு 32.17 கோடி. இரண்டுமே சராசரி. ஆகவே இங்கே ‘அது சராசரிக் கணக்கு’ என்று சொல்லி நழுவ முடியாது. 2022-க்குள் முடிய வேண்டிய அந்தத் திட்டத்தில் 2023 மார்ச்சில் முடிந்திருந்தது 13,499 கிலோமீட்டர்தான்.

செலவே டோலாக மாறும் ஒப்பந்தமும் உண்டு. டெல்லியிலிருந்து நொய்டா போகும் டி.என்.டி. பாலச்சாலைக்கு 1997-இல் போட்ட ஒப்பந்தம் அப்படிப்பட்டது. மொத்தத் திட்டச் செலவின்மேல் ஆண்டுக்கு 20 விழுக்காடு லாபம் உறுதி. ஒரு வருடம் அந்த அளவு வரவில்லையென்றால் குறைந்த தொகை திட்டச் செலவோடு சேர்ந்துவிடும். அதன்மேல் மறுபடி 20 விழுக்காடு. மீட்டர் வட்டிக்குக் கடன் வாங்கியவன் கதைதான், கட்டக் கட்ட அசல் ஏறும். சுமார் 400 கோடியில் கட்டிய பாலத்தில், வாங்க வேண்டிய பாக்கி குறையவே வழியில்லை. 2016 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் டோலை நிறுத்தியது, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஊர்மக்களின் நலச்சங்கம் போட்ட வழக்கு அது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி தாமதம். சரக்கு அனுப்பும் உங்களுக்கும் எங்களுக்கும் இதுதான் உண்மையான வலி.

சென்னைத் துறைமுகம் பக்கம் லோடு இருப்பவர்களுக்கு மதுரவாயல் உயர்மட்டச் சாலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2009 ஜனவரியில் அடிக்கல். 19 கிலோமீட்டர், சுமார் 1,800 கோடி. 2012-இல், கூவத்தில் தூண்கள் நீரோட்டத்தை மறிக்கின்றன என்று மாநில அரசு வேலையை நிறுத்தியது. 2014-இல் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தும் வேலை நகரவில்லை. 2022 மே மாதம் இரண்டடுக்குச் சாலையாக மறுபடி அடிக்கல். செலவு 5,850 கோடிக்கு மேல். வடிவம் மாறிவிட்டதால் முழு வித்தியாசத்தையும் தாமதத்தின் கணக்கில் எழுத முடியாதுதான். ஆனால் இடையில் போன வருடங்களில் கன்டெய்னர் வண்டிகள் பகலில் நகருக்குள் நுழைய வழியில்லாமல் ஓரங்கட்டிக் கிடந்ததற்கு எந்தப் புத்தகத்திலும் கணக்கு எழுதப்படவில்லை.

விக்கிரவாண்டி–தஞ்சாவூர் சாலையும் அப்படித்தான். சேத்தியாத்தோப்பிலிருந்து சோழபுரம் வரை 50 கிலோமீட்டரை 2025 ஜூலையில் திறந்தார்கள். கொள்ளிடத்தில் ஒரு கிலோமீட்டர் பாலமும் மூன்று புறவழிச்சாலைகளும் சேர்ந்து நன்றாகவே இருக்கிறது, டிரைவர்கள் மெச்சுகிறார்கள். வடக்கே விக்கிரவாண்டிப் பக்கம் வேலை அப்போது முடிந்திருக்கவில்லை.

தாமதத்துக்கு யார் காரணம் என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுவார்கள். ஒப்பந்ததாரர் நிலம் வரவில்லை என்பார். நெடுஞ்சாலை ஆணையம், ஏரிமண்ணும் கிராவலும் எடுக்க அனுமதி வரவில்லை என்று மாநிலத்தைச் சொல்லும். மாநிலம், ஒப்பந்ததாரரிடம் பணம் இல்லை, ஆள் இல்லை என்று சொல்லும். நிலம் கொடுத்தவரோ இழப்பீடு போதாதென்று நீதிமன்றத்தில் நிற்பார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. சேலம் எட்டுவழிச்சாலை வழக்கில் எத்தனை கிணறும் தென்னந்தோப்பும் அளவைக் கல்லுக்குள் வந்தன என்பதை இந்த வட்டாரமே பார்த்தது.

இங்கே வெளியில் தெரியாத ஒரு சங்கதி உண்டு. சாலை முழுவதும் முடிந்தால்தான் டோல் என்பதில்லை. ஒப்பந்தப்படி நீளத்தில் 75 விழுக்காடு முடிந்தால் தற்காலிகச் சான்றிதழ் வாங்கி வசூலைத் தொடங்கலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மிச்சம் நிற்கும் 25 விழுக்காடு எது? ரயில்வே மேம்பாலம், ஆற்றுப்பாலம், நிலம் கிடைக்காத டவுன் புறவழி. வண்டி நிற்கும் இடமெல்லாம் அதற்குள்தான். நாற்பது கிலோமீட்டரை அரை மணியில் தாண்டிவிட்டு, கடைசி இரண்டு கிலோமீட்டரில் தார் டிரம்மும் ரிப்பனும் கட்டிய மண் பாதையில் இறங்கி, எதிரே பஸ், பக்கத்தில் கரும்பு டிராக்டர், முதல் கியரிலேயே ஊர்ந்து ஏறும்போது எரியும் டீசலுக்கு ரசீது கிடையாது. பட்டை தளர்ந்து பெட்டி சாய்ந்து வருவதும் அந்த இரண்டு கிலோமீட்டரில்தான்.

ஏற்கெனவே இருக்கும் நான்கு வழியை ஆறு வழியாக்கும்போது வசூல் நிற்காமல் ஓடும். வேலை கெடு தாண்டினால் அந்தத் தாமதக் காலத்துக்குக் கட்டணம் கூடாது என்று 2013 டிசம்பரில் விதி வந்தது. ஆனாலும் ஆந்திரம், கர்நாடகம் இரண்டிலுமாக மூன்று சாவடிகளில், 2020 மே முதல் 2021 மார்ச் வரை சுமார் 124 கோடி வசூலித்திருப்பதை இன்னொரு தணிக்கை அறிக்கையே எடுத்துச் சொன்னது. விதி இருக்கிறது; சாவடியில் நிற்கும் டிரைவரால் அதைக் காட்டி மல்லுக்கு நிற்க முடியாது. பின்னால் இருபது வண்டி ஹாரன் அடிக்கும்.

நீதிமன்ற உத்தரவுகளுக்கு வருவோம். உண்மைதான், நீதிமன்றங்கள் தலையிட்டிருக்கின்றன. மதுரவாயல்–வாலாஜா சாலை குண்டும் குழியுமாகக் கிடந்ததால் 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நெமிலி, சென்னசமுத்திரம் சாவடிகளில் பாதிக் கட்டணம்தான் வாங்க வேண்டும் என்றது. 2025 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் திருச்சூர் பக்கம் பாலியேக்கரை சாவடியில் வசூலையே நிறுத்திவைத்தது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம், 65 கிலோமீட்டரைக் கடக்க 12 மணி நேரம் ஆனால் எதற்கு 150 ரூபாய் கட்ட வேண்டும் என்று கேட்டது. அங்கே ஒரு வேடிக்கை: டோல் வாங்குபவர் ஒரு நிறுவனம், சுரங்கப்பாதை கட்டி நெரிசலை உண்டாக்கியவர் வேறு ஒப்பந்ததாரர். ‘தாமதம் எங்களுடையது இல்லை’ என்று முதலாமவர் சொன்னார். சாலையில் நிற்பவனுக்கு அதனால் என்ன? அக்டோபரில் சீர்செய்த பிறகு வசூல் மறுபடி தொடங்கிவிட்டது.

இவை எல்லாமே அந்தந்தச் சாவடிக்கு, அந்தந்தக் காலத்துக்கு மட்டுமான உத்தரவுகள். சில மேல்முறையீட்டில் தடையும் ஆகின்றன. மதுரை–தூத்துக்குடி சாலையின் இரண்டு சாவடிகளுக்கு 2025 ஜூனில் வந்த தடை உத்தரவை உச்ச நீதிமன்றம் சில நாட்களிலேயே நிறுத்திவைத்தது. ஆகவே செய்தி வந்ததாலேயே பில் குறையாது. பாஸ்டேகில் பிடிப்பது நின்றால்தான் குறையும். டோலைத் தனி வரியாக்கியதன் முழு நோக்கமும் இதுதான். பிடித்த தொகை அப்படியே வரும், ஒரு ரூபாய்கூட மேலே வைக்க மாட்டோம். எந்தச் சாவடியில் எப்போது குறைந்தாலும் அன்றைய லோடிலிருந்தே உங்களுக்குக் குறையும். கேட்பவர்களுக்கு அந்த டிரிப்பின் பாஸ்டேக் ஸ்டேட்மென்டையும் பில்லோடு இணைத்துத் தருவோம்.

சில்லறைக் கேள்விகள் இரண்டு. பாஸ்டேக் வருடாந்திர பாஸ் எடுத்தால் என்ன என்று பலர் கேட்டீர்கள். 2025 ஆகஸ்ட் 15 முதல் வந்த அந்தப் பாஸ் சொந்த உபயோகக் கார், ஜீப், வேன்களுக்கு மட்டும். சரக்கு வண்டிக்குக் கிடையாது. எங்களுக்கு உள்ள சலுகை, 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் போகவர ஒன்றரை மடங்கு கட்டணம், ஒரே சாவடியை மாதம் 50 தடவை கடப்பவர்களுக்கு அந்த 50 தடவைக் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மாதப் பாஸ். ரிட்டன் லோடு அதே நாளில் கிடைத்தால் அந்தக் குறைவும் உங்கள் பில்லில் தெரியும். பாஸ்டேகில் பணம் இல்லாமலோ டேக் பழுதாகியோ கூடுதலாகப் பிடித்தால் அந்தக் கூடுதல் எங்கள் செலவு, உங்கள் கணக்கில் வராது.

வேலை நடக்கும் பாதைகளில் மட்டும் இனி ‘காலை 9 மணிக்கு இறக்கிவிடுவோம்’ என்று மணி சொல்ல மாட்டோம். முற்பகல், பிற்பகல் என்று சொல்வோம். வண்டி மாற்றுப்பாதையில் இறங்கியதும் டிரைவர் போன் செய்வார், நாங்கள் உங்களுக்குச் சொல்வோம், லோடுமேனை அதற்கேற்ப வரச் சொல்லுங்கள். கண்ணாடி, டைல்ஸ், மருந்துப் பெட்டி அனுப்புபவர்கள் இந்தப் பாதைகளுக்குக் கட்டாயம் கூடுதல் பட்டை போட்டுக் கட்டித் தாருங்கள்.

தமிழ்நாட்டில் சில சாவடிகளுக்கு ஏப்ரல் 1, மற்றவற்றுக்கு செப்டம்பர் 1 கட்டணம் மாறும். வருடக் கான்ட்ராக்ட்டில் இருப்பவர்களுக்கு வாடகை அப்படியே இருக்கும், டோல் வரி மட்டும் அந்தத் தேதிகளில் மாறும். உங்கள் பாதையில் எந்தச் சாவடி எந்தத் தேதிக்காரர் என்ற பட்டியல் புக்கிங் கவுன்டரில் இருக்கிறது.

இப்படிக்கு,
நிர்வாகம், லாரி புக்கிங் அலுவலகம்