தாத்தாவின் ரைபிளைப் புதுசாக்காதே

என் அன்பு மகளுக்கு,

உரிமம் மாறி, தாத்தாவின் ரைபிள் முறைப்படி உன் கைக்கு வந்து சேர்ந்ததில் எனக்கு ரொம்ப நிம்மதி. நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மரக்கட்டை கறுத்துவிட்டது. பாரலில், அதாவது குழலில், அங்கங்கே செந்துரு. தோளில் பதியும் பின்கட்டையின் அடியில் இருக்கும் பித்தளைத் தகடு பச்சை பூத்திருக்கிறது. "கையில் அதிகம் பணம் இல்லை அம்மா, வீட்டிலேயே புதுசு மாதிரி ஆக்கிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறாய். வீட்டிலேயே செய்யலாம், குறைந்த செலவிலும் செய்யலாம். ஆனால் புதுசு மாதிரி ஆக்க வேண்டாம். அந்தக் கட்டையில் இருக்கும் வழவழப்பு தாத்தாவின் கைபட்டு வந்தது. உப்புத்தாள் போட்டால் அது அரை மணி நேரத்தில் போய்விடும், திரும்ப வராது. துருவை நிறுத்து, மரத்துக்கு உயிர் கொடு, மற்றதை விட்டுவிடு.

எதையும் தொடுவதற்கு முன் தோட்டாக்களை அடைக்கும் மேகசினைக் கழற்று, தோட்டா அறையை மூடும் இரும்புத் தண்டான போல்ட்டைத் திற, தோட்டா அறையைக் கண்ணால் பார், பிறகு சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பார். ஒவ்வொரு முறை கையில் எடுக்கும்போதும் இதைச் செய். நேற்று இரவு நீயே வைத்த இடத்திலிருந்து எடுத்தாலும் செய். வேலை செய்யும் அறையில் ஒரு தோட்டா கூட இருக்கக் கூடாது.

இனி துப்பாக்கியைப் பற்றி. அது லீ-என்ஃபீல்ட் மார்க் 3 வகை. போல்ட் கைப்பிடிக்குக் கீழே, கழுத்துப் பகுதியின் வலப்பக்கத்தில் கிரீடமும் 1917 என்ற ஆண்டும் பொறித்திருக்கும், பார். இந்த வடிவம் 1907-இல் பிரிட்டிஷ் படையில் சேர்ந்தது. அதன் போல்ட் அமைப்பை உருவாக்கியவர் ஜேம்ஸ் பாரிஸ் லீ. போல்ட் கைப்பிடியின் பின்புறத்தில் ஓர் எண் இருக்கும். அதே எண் துப்பாக்கியின் உடலிலும் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடு. போல்ட்டை அந்தந்த உடலுக்கென்று பொருத்திப் பார்த்துத்தான் தொழிற்சாலையில் எண் அடித்தார்கள். எண் வேறாக இருந்தால் பழுது பார்ப்பவரிடம் அதை முதல் வார்த்தையாகச் சொல்.

கழற்றுவதில்தான் நிறைய பேர் இந்தத் துப்பாக்கியைக் கெடுக்கிறார்கள். பின்கட்டையைக் கழற்றிப் பார்க்கலாம் என்று தோன்றும், ஏனென்றால் அது ஒரே ஒரு நீளத் திருகில்தான் நிற்கிறது. அந்தத் திருகின் முனை சதுரமானது. முன்கட்டையின் பின்பக்கத்தில் இருக்கும் ஒரு சிறு தகட்டுக்குள் அது பொருந்தி உட்கார்ந்திருக்கும். முன்கட்டை இருக்கும்போதே திருகைச் சுற்றினால், சதுர முனை சுழன்று தகட்டைத் தள்ளி, நூறு வருட மரத்தைப் பிளந்துவிடும். முன்கட்டை முதலில், பின்கட்டை அப்புறம். பின்கட்டை ஆடாமல் உறுதியாக இருந்தால் அதைக் கழற்றவே வேண்டாம் என்பது என் கருத்து.

திருப்புளிக்கு மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதே. வீட்டில் கிடக்கும் திருப்புளியின் நுனி ஆப்பு மாதிரி சரிந்திருக்கும், அது திருகின் வெட்டை மேலே மட்டும் கவ்வி வழுக்கும். துப்பாக்கி வேலைக்கான திருப்புளியின் நுனி பக்கவாட்டில் சமமாக இருக்கும், வெட்டின் அடிவரை இறங்கிப் பிடிக்கும். அசையாத திருகுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திரு. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும்போது கைபேசியில் படம் எடுத்து வை. ட்ரிகர் பகுதியையும் போல்ட்டின் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கையும் தொடாதே.

மரம் வால்நட் என்றுதான் படத்தில் தெரிகிறது. கறுப்பெல்லாம் பழைய எண்ணெயும் அழுக்கும். டர்பன்டைனில் நனைத்த துணியால் துடை, காயவிடு, மறுபடி துடை. துணி சுத்தமாக வரத் தொடங்கியதும் நிறுத்திக்கொள். எண்ணெய் ஊறி இருண்ட இடங்களில் வெள்ளைச் சுண்ணக்கட்டித் தூளை ஸ்பிரிட்டில் குழைத்துப் பூசினால் காயும்போது எண்ணெயை இழுத்து வெளியே கொண்டுவரும். அமுங்கிய பள்ளங்களுக்கு ஈரத் துணியை மேலே போட்டு இஸ்திரிப் பெட்டியின் நுனியைச் சற்று நேரம் வை. நீராவி மர நார்களை உப்ப வைத்து மேலே தூக்கும். வெட்டுப்பட்ட இடம் எழாது, ஏனென்றால் அங்கே நார் அறுந்திருக்கிறது. அதை அப்படியே விட்டுவிடு. பொறித்த முத்திரைகள் பக்கம் நீராவி வேண்டாம், அவையும் மரத்தை அமுக்கி உண்டாக்கியவைதான்.

பிறகு ஆளிவிதை எண்ணெய். படையிலும் இதைத்தான் தேய்த்தார்கள். சமைக்காத எண்ணெய் காய நாள்கணக்கில் ஆகும், 'காய்ச்சிய' என்று விற்பதில் உலர்த்தும் உப்புகள் சேர்ந்திருப்பதால் சீக்கிரம் காயும். இரண்டில் எதுவானாலும் சில துளிகள் போதும். உள்ளங்கையால் சூடு ஏறும்வரை தேய், மிஞ்சியதைத் துடைத்தெடு, முழுதாகக் காயட்டும், பிறகு அடுத்த பூச்சு. கனமாகப் பூசினால் பிசுபிசுத்து நிற்கும். வார்னிஷ் வேண்டவே வேண்டாம், அதன் கண்ணாடிப் பளபளப்பு இந்தத் துப்பாக்கிக்குப் பொருந்தாது. உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன், எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதே. ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேரும்போது சூட்டை வெளியிடும். சுருண்ட துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகத் தீப்பற்றும். வெளியே, தனித்தனியாக விரித்துக் காய வை.

இரும்புக்கு மிக மெல்லிய ஸ்டீல் வூல், நான்கு பூஜ்யம் போட்ட ரகம், கொஞ்சம் எண்ணெயோடு. முதலில் மரத்துக்கு அடியில் மறைந்திருக்கும் இடத்தில் தேய்த்துப் பார். துரு மட்டும் கழன்று வர வேண்டும், இரும்பின் பழைய கறுநீல நிறம் நிற்க வேண்டும். எழுத்துகள், சோதனை முத்திரைகள் மீது அழுத்தாதே. சிறு பாகங்களில், அதாவது வளையங்களிலும் ட்ரிகர் காப்பிலும், துரு மெல்லியதாகப் படர்ந்திருந்தால் ஒரு செலவில்லாத வழி இருக்கிறது. எண்ணெய்ப் பசை போகக் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் அரை மணி கொதிக்க வை. செந்துரு கறுப்பு ஆக்சைடாக மாறும், மேலே நிற்கும் கரிப் பொடியைத் துடைத்துவிட்டு உடனே உலர்த்தி எண்ணெய் தடவு. இரும்புக்குக் கறுநீல நிறம் ஏற்றும் பழைய காலத்துத் துருப்பூச்சு முறையின் அடிப்படையே இதுதான். சூடாக்காமல் இரும்புக்கு நிறம் ஏற்ற பாட்டிலில் விற்கும் குளிர்நிறப் பூச்சு திட்டுத்திட்டாகப் பிடிக்கும், கை பட்டுப் பட்டு மங்கிவிடும். கீறலுக்குத் தொட்டுவைக்கலாம், பாரல் முழுக்க வேண்டாம்.

பாரலின் உள்பக்கம் கறுப்பாக இருப்பதைப் பார்த்துக் கலங்காதே. அந்தக் காலத் தோட்டாக்களின் பற்றவைப்பு மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்ட பிறகு அது பொட்டாசியம் குளோரைடு உப்பாக மாறிக் குழலில் தங்கி, ஈரத்தை இழுத்துத் துருவை உண்டாக்கும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால்தான் சிப்பாய்கள் சுட்டதும் கொதிக்கிற தண்ணீரைக் குழலில் ஊற்றிக் கழுவினார்கள், தாத்தாவும் அப்படித்தான் செய்தார். நீ வெண்கலத் தூரிகையும் கரைப்பானும் எடுத்துத் தோட்டா அறைப் பக்கமிருந்து வாய்ப்பக்கம் தள்ளு. வாயிலிருந்து உள்ளே குத்தாதே, அங்கே விளிம்பு தேய்ந்தால் குறி தவறும். துணி பச்சை நீலமாக வந்தால் அது செம்புப் படிவம். துரு அரித்த குழிகள் போகாது. குழி இருந்தாலும் நன்றாகச் சுடும் பாரல்கள் உண்டு.

இப்போது பணத்தைப் பற்றி. எண்ணெய், துணி, தூரிகை எல்லாம் சேர்த்தும் கொஞ்சம்தான். மிஞ்சுகிற பணம் முழுவதையும் துப்பாக்கி பழுது பார்க்கும் ஒரு நல்ல ஆளிடம் சோதிக்கக் கொடு. போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவின் அடிக்கும் இடையே இருக்கும் இடைவெளியை அதற்கான அளவுக் கருவி வைத்து அவர் பார்க்க வேண்டும். அந்த இடைவெளி கூடினால் வெடிக்கும்போது தோட்டாக்கூடு அறுந்து, சூடான வாயு பின்பக்கம் உன் முகத்தை நோக்கி வரும். இதை வீட்டில் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மரத்தில் விரிசல், பாரலில் வீக்கம் இருக்கிறதா என்றும் கேள். பெட்டியில் கிடக்கும் பழைய தோட்டாக்களைச் சுட்டுப் பார்க்காதே, அவரிடமே ஒப்படைத்துவிடு.

பின்கட்டையின் பித்தளைத் தகட்டில் உள்ள பச்சையை எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும், பித்தளையைப் பளபளவென்று தேய்க்காதே. அந்தத் தகட்டில் ஒரு சிறு மூடி உண்டு. திறந்து பார், உள்ளே தாத்தாவின் எண்ணெய்க் குப்பியும் சுத்தம் செய்யும் கயிறும் இருக்க வேண்டும். கயிறு இற்றுப்போயிருந்தால் குழலுக்குள் விடாதே, நடுவில் அறுந்தால் எடுப்பது பெரும்பாடு.

போல்ட்டிலும் உடலிலும் இருக்கும் எண்களைப் படம் எடுத்து அனுப்பு. சோதனையில் என்ன சொன்னார் என்று தெரிந்த பிறகு தோட்டா வாங்குவதைப் பற்றிப் பேசலாம்.

அன்புடன்,
அம்மா